அணைந்த விளக்கின் பொருள்

1

எச்சரிக்கை யாரிடம் சொல்லப்படுகிறதோ அவருக்காகவே அது சொல்லப்படுகிறது என்று நாம் எடுத்துக்கொண்டுவிடுகிறோம். காய்ச்சலில் சுடுவது என் உடம்பு. எனவே எச்சரிக்கை எனக்கு. இடிந்த பாலத்தின் முன்னால் சிவப்புக் கொடி கட்டியிருக்கிறது, விழப்போகிறவன் நான், எனவே கொடி எனக்கு. இவற்றில் செய்தியைப் பெறுபவனும் செய்தியால் காக்கப்படுபவனும் ஒரே ஆள். ஒரே ஆளாக இருக்கும்வரை எச்சரிக்கை விவேகம் சம்பந்தப்பட்ட விஷயமே தவிர அறம் சம்பந்தப்பட்டதல்ல. கொடியைப் புறக்கணித்து விழுகிறவனை முட்டாள் என்போம். அயோக்கியன் என்று சொல்லமாட்டோம்.

இந்த இருவரும் வேறு வேறு ஆட்களாகிவிடும் ஓர் எச்சரிக்கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். விஷயம் அற்பமானது. காரின் முகப்பில், வேகமானிக்குப் பக்கத்தில், எஞ்சினின் கோட்டுருவம் கொண்ட சிறு மஞ்சள் விளக்கு. செக் எஞ்சின் லைட் என்று எல்லோரும் சொல்வது. கவிதையும் விமர்சனமும் வரும் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று கேட்கக்கூடிய நண்பர்கள் உண்டு. குறி, குறிப்பொருள், பிரக்ஞை என்று நாம் இங்கே விவாதித்துக்கொண்டிருக்கையில், ஒரு குறி தினமும் என் கண்ணுக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. அதை வாசிக்காமல் மற்றவற்றை வாசிப்பதில் எனக்கு ருசியில்லாமல் போயிற்று. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

2

இந்த விளக்கின் பூர்வீகம் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் காற்று. 1940களில் அந்த நகரத்தின்மேல் பழுப்பு நிறப் புகைமூட்டம் கவியத் தொடங்கியது. கண் எரிந்தது, மூச்சுத் திணறியது. முதலில் ஆலைகளைச் சந்தேகித்தார்கள். அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயன அறிஞர் இந்தப் பிரச்னைக்குள் வந்தார். கார்களிலிருந்தும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் எரியாமல் தப்பும் ஆவியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வினைபுரிந்தே இந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். நகரத்தின் மூச்சைத் திணறவைத்தவர்களில், கண் எரிகிறது என்று புகார் சொல்லிக்கொண்டே காரில் வேலைக்குப் போனவர்களும் சேர்த்தி என்று ஆயிற்று.

1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்தப்படலாயிற்று. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடையே ஓர் உலோகக் கூடு. உள்ளே தேனடை போன்ற பீங்கான். அதன் நுண்ணறைகளின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. அந்த அறைகளைக் கடக்கும்போது விஷவாயுக்கள் பெருமளவு கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் வெறும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன.

இந்தக் கருவியின் விசித்திரம், அது செத்துப்போனாலும் காருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை என்பது. வண்டி அதே வேகத்தில் போகும். பெட்ரோல் அதிகம் குடிக்காது. ஓட்டுகிறவனின் எந்தப் புலனுக்கும் அந்த மரணம் எட்டாது. ஆகவேதான் அதைக் கண்காணித்துச் சொல்ல இன்னொரு கருவி தேவைப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து ஆரம்பநிலைக் கண்காணிப்பொன்றைக் கேட்டது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுவதற்கும் விரிவான முறை வந்தது. இந்தியாவில் 2010லும் 2013லும் இரண்டு கட்டங்களாக அது நுழைந்தது. அமெரிக்க விதிப்படி பல கோளாறுகளுக்கு விளக்கு எரியவேண்டிய எல்லை, புகையின் நச்சு அனுமதிக்கப்பட்ட அளவைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டும் நிலை.

ஆக, இந்த விளக்கு காரின் நலனுக்காக வைக்கப்பட்டதல்ல. எஞ்சின் கோளாறுகளும் இதில் தெரியவரும். ஆனால் புகையைக் கெடுக்கும் கோளாறுகள் என்ற முறையில்தான் அவை இதன் பார்வைக்கு வருகின்றன. இதன் பெயரும் இதன் சித்திரமும் இதைப்பற்றித் தப்பாகச் சொல்லுகின்றன. எஞ்சினுக்குப் பதிலாக ஒரு ஜோடி நுரையீரலை வரைந்திருந்தால் நாம் அதை வேறு மாதிரி பார்த்திருப்போம். உடைமையைப் பற்றிய எச்சரிக்கையாக உருமாற்றிக் காட்டினால்தான் உடைமைக்காரன் கவனிப்பான் என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ. விளைவு நேர்மாறாக இருக்கிறது. உடைமைக்காரன் உடைமையைப் பரிசோதிக்கிறான். அது நன்றாக ஓடுகிறது. ஆகவே விளக்கு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டுகிறான்.

3

ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட 'இருத்தலும் காலமும்' நூலில் குறி என்பது என்ன என்று விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு காரிலிருந்துதான். அந்தக் காலத்துக் கார்களில் திரும்பும் திசையைக் காட்டச் சிவப்பு அம்பு ஒன்று இருந்தது. அதை இயக்குபவன் ஓட்டுநர். ஆனால் காரில் இல்லாதவர்களும், அவர்களே முக்கியமாக, அந்த அம்பைப் பயன்படுத்துகிறார்கள். அதைப் பார்த்து ஒதுங்குகிறார்கள், நிற்கிறார்கள். குறி என்பது தனியாக உட்கார்ந்து அர்த்தம் தந்துகொண்டிருக்கும் பொருளல்ல. நடமாட்டங்களின் மொத்த உறவுக்குள் நம்மைச் சரியாக நிற்கவைப்பது என்பது அவர் வாதம்.

மஞ்சள் விளக்கு இந்த அம்புக்கு நேர் எதிர். அம்பு உள்ளிருப்பவனின் நோக்கத்தை வெளியே இருப்பவனுக்குச் சொன்னது. விளக்கு வெளியே இருப்பவனுக்கு நேரும் தீங்கை உள்ளிருப்பவனுக்குச் சொல்லுகிறது. அம்பைக் கண்டு வெளியே இருப்பவன் ஒதுங்கலாம். விளக்கை அவன் காணவே முடியாது. சிக்னலில் என் காருக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கிறவனுக்கு, அவன் மூச்சைப் பற்றிய செய்தி என் கண்ணாடிக்குள் எரிந்துகொண்டிருக்கிறது என்பது தெரியாது.

நம் மரபில் இதோடு ஒப்பிடத் தக்கது திருவாரூர் ஆராய்ச்சி மணி. மனுநீதிச் சோழனின் கதையிலும் தீங்கைச் செய்தது ஒரு வாகனம். தேர்க்காலில் கன்று அரைபட்டது; பசு வந்து மணியை அசைத்தது. இந்தக் கதையை மன்னனின் நீதியைப் பற்றியதாக மட்டுமே படித்து வந்திருக்கிறோம். மணியின் இயந்திர அமைப்பைப் பற்றியதாகவும் படிக்கலாம். அது தெருப்பக்கம் தொங்கியது. பாதிக்கப்பட்டவர்களின் உயரத்துக்கு எட்டியது. அடிப்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

புகை விஷயத்தில் பசுவுக்கு மணி எட்டாது. தீங்கு சிறிது சிறிதாக, பல்லாயிரம் வண்டிகளிலிருந்து வந்து, பல வருஷங்கள் கழித்து ஒரு நெஞ்சில் இரைப்பாக இறங்குகிறது. எந்தத் தேர்க்கால் என்று அந்த நெஞ்சுக்காரனால் சொல்ல முடியாது. அவன் அடிக்க முடியாத மணியை அவனுக்காக அடிக்க ஒரு கருவியை அமர்த்தியிருக்கிறார்கள். ஆனால் மணியை அரண்மனைக்கு உள்ளே, மன்னன் தலைமாட்டில் கட்டியிருக்கிறார்கள். அதன் நாக்கைக் கழற்றும் சாவியும் மன்னன் கையிலேயே இருக்கிறது.

4

என் விஷயத்தை அவசியமான அளவுக்குச் சொல்லுகிறேன். 2014ஆம் வருஷத்துப் பெட்ரோல் கார். ஒரு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. விளக்கு எரிந்ததும் கோவையில் ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0420 என்று வந்தது. கன்வர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பது அந்தக் குறியின் அர்த்தம். மெக்கானிக் சொன்னார்: "வண்டி நல்லாத்தானுங்க ஓடுது. எரரை அழிச்சு வுட்டுர்றனுங்க. மறுக்கா வந்துச்சுன்னா பாத்துக்கலாம்." அழித்தார். பதினோரு நாளில் மறுக்கா வந்தது. பிறகு சென்சாரை மாற்றினார்கள். மூன்று வாரத்தில் திரும்பவும் வந்தது.

அவர் சென்சாரைச் சந்தேகித்ததில் நியாயம் உண்டு. கருவி புகையின் நச்சை நேரடியாக அளப்பதில்லை, அது ஊகிக்கிறது. கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள் இருக்கின்றன. முன்னதன் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கன்வர்ட்டர் உயிரோடிருந்தால் ஆக்ஸிஜனைச் சேமித்தும் விட்டும் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். பின்னதன் அளவு ஏறக்குறைய சமமாக நிற்கும். பின்னது முன்னதைப் போலவே ஆட ஆரம்பித்தால், இடையில் இருப்பது செத்துவிட்டது என்று கருவி அனுமானிக்கிறது. சென்சார் கெட்டிருந்தாலும், குழாயில் ஓர் ஓட்டையிருந்து வெளிக்காற்று புகுந்தாலும் இதே தோற்றம் வரலாம். கருவிக்கும் இது தெரியும்போலிருக்கிறது. பெரும்பாலான கோளாறுகளை ஒருமுறை கண்டதும் அது விளக்கேற்றுவதில்லை. அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் ஏற்றுகிறது. தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் காணாவிட்டால் தானாகவே அணைக்கிறது. நம் விமர்சகர்கள் பலருக்கு இல்லாத பொறுமை.

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது நியாய சாஸ்திரத்தின் பழகிய உதாரணம். மணிமேகலையின் தருக்கப் பகுதியிலும் அந்தப் புகை வருகிறது. இங்கே அனுமானம் தலைகீழாக இருக்கிறது. கண்ணெதிரே இருப்பது சிறு சுடர். அனுமானிக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத புகை.

எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. விளக்கு எரிவதன் அர்த்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விளக்கு எரியாமலிருப்பதன் அர்த்தம் என்ன? இல்லாமையை அறிவது எப்படி என்ற கேள்விக்கு பாட்ட மீமாம்சகர்கள் தனியாக ஒரு பிரமாணமே வகுத்தார்கள்: அனுபலப்தி. மேஜைமேல் குடம் இல்லை என்பதை, குடம் காணப்படாமையால் அறிகிறேன். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குடம் இருந்திருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இருட்டறையில் குடம் காணப்படாதது குடம் இல்லை என்பதற்கு அத்தாட்சியாகாது. காணக்கூடிய நிலையில் காணாமையே காணாமை.

ஸ்கேனரால் அழிக்கும்போது நடப்பது விளக்கை அணைப்பது மட்டுமல்ல. கோளாறின் பதிவோடுகூட, கருவி அதுவரை செய்த பரிசோதனைகளின் முடிவுகளில் பெரும்பாலானவையும் துடைக்கப்படுகின்றன. கன்வர்ட்டர், பெட்ரோல் ஆவி, சென்சார் ஒவ்வொன்றையும் அது புதிதாகப் பரிசோதித்தாகவேண்டும். அதற்குப் பல ஓட்டங்கள், சில நாட்கள் ஆகும். அதுவரை ஸ்கேனரில் கேட்டால் 'தயாரில்லை' என்று பதில் வரும். அதாவது, அழித்த மறுநாள் அணைந்திருக்கும் விளக்கு 'நலம்' என்று சொல்லவில்லை, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லுகிறது. இரண்டும் ஓட்டுகிறவன் கண்ணுக்கு ஒரே இருட்டு. நலத்தின் இருட்டும் அறியாமையின் இருட்டும் தோற்றத்தில் ஒன்றாக இருப்பதே இந்த விவகாரத்தின் கரு என்று நினைக்கிறேன். தன் மனசில் உறுத்தல் இல்லை என்று ஒருவன் சொல்லும்போது நான் இப்போதெல்லாம் கேட்க விரும்புவது, உறுத்தல் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கக்கூடிய நிலையில் அவன் மனசு இருக்கிறதா என்பதைத்தான்.

5

கிளிஃபர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. பயணிகளோடு அனுப்பலாமா என்று அவனுக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை புயல்களைத் தாங்கிய கப்பல் இதையும் தாங்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்கிறான். உண்மையாகவே நம்பத் தொடங்கிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமலிருந்துவிடுகிறான். அவன் குற்றவாளி, நம்பிக்கை உண்மையானதாக இருந்தும் குற்றவாளி, கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றவாளி என்பது கிளிஃபர்டின் தீர்ப்பு. சந்தேகத்தை ஆராய்ந்து தீர்க்காமல் அமுக்கித் தீர்த்தான் என்பதே குற்றம்.

அந்த முதலாளிக்கு ஒரு சிரமம் இருந்தது. சந்தேகம் அவனுக்குள் இருந்தது. அதை அமுக்க அவன் தன்னோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அந்த மல்லுக்கட்டிலாவது அவன் தன்னைச் சந்தித்தான். நம் காலத்தில் சந்தேகம் முகப்புப் பலகைக்கு வந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கருவியைச் செருகி, கைபேசியில் ஒரு பொத்தானைத் தொட்டால் அது மறைந்துவிடுகிறது. மனசாட்சியை இயந்திரத்திடம் ஒப்படைத்ததில் ஒரு லாபம்: அது முன்போலச் சுலபமாகத் தன்னை ஏமாற்றிக்கொள்ளாது. ஒரு நஷ்டம்: அதை அணைக்கும்போது நமக்கு வலிப்பதில்லை. வள்ளுவர் நெஞ்சைச் சாட்சியாக மட்டும் வைக்கவில்லை, தண்டிக்கும் இடமாகவும் வைத்தார். சாட்சியை வெளியே எடுத்துவிட்டோம். தண்டனையை வெளியே எடுக்க முடியவில்லை. அது வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

சட்டம் செய்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் 2010 மாடலிலிருந்து படிப்படியாக 'நிரந்தரக் குறி' என்ற ஏற்பாடு வந்தது. அந்தப் பதிவை ஸ்கேனரால் அழிக்க முடியாது. பாட்டரியைக் கழற்றினாலும் போகாது. கருவி தானே மறுபடி பரிசோதித்து, கோளாறு உண்மையில் நீங்கிவிட்டது என்று கண்டால்தான் போகும். பாவ மன்னிப்பு பற்றி இவ்வளவு கறாரான சித்தாந்தத்தை மதங்களில்கூட அதிகம் பார்க்கமுடியாது. பரிகாரம் உண்டு; அதற்கு மந்திரம் கிடையாது; நடத்தை மாறியிருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

ஆனாலும் கருவியை எழுதுகிறவனே பொய்யனாகிவிட்டால்? 2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றம் சாட்டியது. ஸ்டியரிங் அசைவு, வேகம், ஓடும் நேரம் முதலியவற்றைக் கொண்டு, தான் இப்போது பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறதா சாலையில் இருக்கிறதா என்பதை அந்த டீசல் கார்களின் மென்பொருள் கண்டுகொண்டது. கூடத்தில் ஒழுங்காக நடந்தது. சாலையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வரம்பைப்போல நாற்பது மடங்குவரை வெளியேறின. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். வாங்கியவர்களின் முகப்புப் பலகையில் இந்தப் பொய்க்கென்று ஒரு விளக்கு இருக்கவில்லை. விஷயம் வெளியே வர ஆரம்பித்தது எப்படி? மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கார்களின் பின்னால் அளவுக் கருவிகளைக் கட்டிக்கொண்டு சாலையிலேயே ஓட்டி அளந்த முடிவுகள் 2014இல் வெளியாயின. புகை விழுகிற பக்கத்தில் நின்று அளந்தார்கள். பசுவின் பக்கம் அதுதான்.

6

அழிப்பதைவிட நாகரிகமானதாகத் தோன்றும் இன்னொரு வழி இருக்கிறது: பழகிக்கொள்வது. நண்பர் ஒருவர் தன் காரின் விளக்கை ஐந்து வருஷமாக எரியவிட்டிருக்கிறார். "நான் மறைக்கவில்லையே, எரிந்துகொண்டுதானே இருக்கிறது" என்பார். நேர்மையான வாக்கியம்போல ஒலிக்கிறது. ஆனால் தொடர்ந்து எரியும் விளக்கால் புதிய கோளாறு எதையும் அறிவிக்க முடியாது. நாளை வேறொரு சென்சார் கெட்டால், பெட்ரோல் ஆவி கசிந்தால், அதே விளக்கு அதே மஞ்சளில் எரிந்துகொண்டிருக்கும். கன்வர்ட்டரையே எரித்துவிடக்கூடிய அளவுக்கு எஞ்சின் தீப்பிடிப்பு தவறினால் மட்டும் அது சிமிட்டும். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக எரியும் விளக்கு, நிரந்தரமாக அணைந்த விளக்குக்குச் சமம்.

குற்ற உணர்வைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் மயக்கம் இங்கே பிடிபடுகிறது. சதா குற்ற உணர்வில் இருப்பதை ஒரு நுண்ணுணர்வாக நாம் கருதுகிறோம். கவிதைகளில் அது நிறைய எரிகிறது. உலகத்தின் அத்தனை துயரங்களுக்கும் நானே பொறுப்பு என்று எழுதுகிறவனுக்கு, நேற்று தன் வீட்டில் வேலை செய்கிறவளிடம் அவன் நடந்துகொண்ட விதம் தனியாகத் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் எரியும் விளக்கு எதற்கும் எரியவில்லை. சிறுபத்திரிகை விமர்சனத்துக்கும் இது பொருந்தும். தமிழ்ச் சூழல் சீரழிந்துவிட்டது என்று நாம் ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறோம். மஞ்சளாக, விடாமல். எந்த இடத்தில், எந்தப் பாகம், எந்த வரம்புக்குக் கீழே என்று கேட்டால் நம்மில் பலரிடம் குறி எண் இல்லை. பட்டறைக்காரராவது பி0420 என்று ஒன்றைச் சொன்னார்.

விளக்குக்கு நாம் செய்யவேண்டிய மரியாதை, அது அடுத்த முறை எரியக்கூடியதாக இருப்பதைப் பாதுகாப்பது. திருத்தி அணைத்தாலொழிய அது சாத்தியமில்லை.

7

திருத்துவதற்கு நாற்பத்தையாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். காரின் மொத்த மதிப்பு அப்போது ஒன்றேகால் லட்சம். இதற்கிடையே புகைச் சான்றிதழுக்காகப் போனபோது, நின்ற நிலையில் குழாய்க்குள் குழலைச் செருகி அளந்து, தேறிவிட்டது என்று காகிதம் கொடுத்தார்கள். விளக்கை அங்கே யாரும் பார்க்கவில்லை. சட்டத்தின் காகிதம் ஒன்று சொன்னது. சட்டத்தின் விளக்கு வேறொன்று சொன்னது. எனக்குச் சௌகரியமானது எது என்பதில் சந்தேகமில்லை. சௌகரியமானதை நம்புவதற்கு ஆதாரம் கையில் இருக்கும்போதுதான் கிளிஃபர்டின் முதலாளி பக்கத்தில் வந்து நிற்கிறான்.

விற்றுவிடலாம் என்று நினைத்தேன். புரோக்கர் சொன்னார்: "லைட்ட அழிச்சுட்டுக் காட்டுங்க சார், பத்து நாள் தாங்கும். அதுக்குள்ள பேரு மாத்திரலாம்." இது மோசடி, இதில் யோசிக்க எதுவுமில்லை. யோசிக்கவைத்தது இதற்கு எதிரான, நேர்மையான வழி. வாங்க வருகிறவரிடம் பி0420 என்று சொல்லி, விலையில் நாற்பதாயிரம் குறைத்து விற்பது. சொன்னேன், விலை குறைத்தேன், அவரும் சம்மதித்தார். இதைவிட நேர்மையான வியாபாரம் என்ன இருக்க முடியும்?

ஆனால் அவர் சம்மதித்த உடனே கணக்கு உதைத்தது. அவர் கன்வர்ட்டரை மாற்றப்போவதில்லை. அதை அவரே சொன்னார். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது. ஆக, நடந்தது இது: நான் அவரிடம் பொய் சொல்லவில்லை, அவர் என்னிடம் ஏமாறவில்லை, இருவரும் லாபம் அடைந்தோம், புகை அப்படியே இருக்கிறது. உண்மையைச் சொல்வது இருவருக்கிடையிலான கடனைத் தீர்க்கும். இந்த விளக்கு எரிவதோ மூன்றாமவனுக்காக. சைக்கிளில் காலூன்றி நிற்கிறவன் எங்கள் பேரத்தில் இல்லை. அவன் மூச்சை நாற்பதாயிரம் ரூபாய் தள்ளுபடியில் நான் கைமாற்றிவிடப் பார்த்தேன். நம் அறவுணர்வு பெரும்பாலும் இருவர் அறம். சொன்ன சொல், வாங்கிய கடன், செய்த துரோகம் எல்லாவற்றிலும் எதிரே ஒரு முகம் இருக்கிறது. முகமில்லாத மூன்றாமவன் வரும்போது, நேர்மையே அவனுக்கு எதிரான உடன்படிக்கையாகிவிடக்கூடும்.

பேரத்தை விட்டேன். கன்வர்ட்டரை மாற்றினேன். இதை ஒரு தியாகமாகச் சொல்லவில்லை. என்னால் முடிந்தது, கஷ்டப்பட்டு முடிந்தது. இங்கேதான் இந்த யோசனை நின்றுவிடுகிறது. கடனில் வாங்கிய பழைய காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துகிற ஒருவனுக்கு அதே விளக்கு அதே மஞ்சளில் எரிகிறது. நாற்பத்தையாயிரம் அவனுக்குப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அவனிடம் போய் நுரையீரலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் தனி ஒருவனின் அறத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. அது புதிதாக இருக்கும்போது விலையில் சேர்த்து எல்லோரிடமும் வாங்கிக்கொள்ளப்பட்டது. அது சாகும்போது மட்டும் கடைசியில் வைத்திருப்பவன் தலையில், பெரும்பாலும் இருப்பவர்களிலேயே இல்லாதவன் தலையில், விழுகிறது. கார் கை மாற மாற விளக்கும் கீழே கீழே இறங்கிப் போகிறது. எச்சரிக்கையைக் கேட்கச் சக்தியுள்ளவர்கள் அதை விற்றுவிட, சக்தியில்லாதவர்களிடம் அது போய்ச் சேர்கிறது. அவர்கள் கறுப்பு டேப்பை ஒட்டும்போது நாம் அவர்களுடைய பொறுப்பின்மையைப் பற்றிப் பேசுகிறோம்.

ஆகவே கேள்வி, எரியும் விளக்கை ஒருவன் என்ன செய்யவேண்டும் என்பதோடு முடியவில்லை. அது யார் கையில் எரிய விடப்பட்டிருக்கிறது, அங்கே அது வந்து சேர்ந்ததில் நமக்கு என்ன பங்கு என்பதும் சேர்ந்தது. முதல் கேள்விக்கு நான் நாற்பத்தையாயிரம் ரூபாயில் ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதற்குத் தனி ஆள் எவனும் பதில் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.